காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார்: பம்பை மாற்றும் முன் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்

பெயர் வேண்டாம் என்ற கோரிக்கையோடு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார், சாவி போட்டுத் திருப்பும் வகை. இரண்டு மாதமாகக் காலையில் முதல் முறை எடுக்கும்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க ஐந்தாறு நொடி ஆகிறது. பிடித்துவிட்டால் பிறகு ஒரு குறையும் இல்லை. பகலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. வெயிலில் அரை மணி நேரம் நின்றால் சில நாள் மறுபடியும் அதே இழுபறி. முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி வீக் என்று புதிது போட்டார்கள். பிரச்சினை அப்படியே இருந்தது. அடுத்த ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைக் குறியீடு) எதுவும் வரவில்லை, ஃப்யூயல் பம்ப்தான் போயிருக்கும், டேங்குக்குள் இருக்கும் அசெம்பிளியோடு (பம்பும் அதோடு சேர்ந்த பாகங்களும் கொண்ட தொகுப்பு) மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. “சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் சத்தம் கேட்கிறதே, பிறகெப்படிக் கெட்டிருக்கும்?” என்கிறார் கணவர். “ஆக்ஸிலரேட்டரை ரெண்டு மிதி மிதித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு” என்கிறார் மாமனார். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், சாவியை ஆன் செய்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் காலையிலும் உடனே பிடிக்கிறதாம். கடிதத்தின் கடைசி வரிகளில், போகிற போக்கில் இரண்டு விஷயம் வருகின்றன: போன மாதம் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது இரண்டு முறை வண்டி இழுக்காமல் திணறியது, பெட்ரோல் எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகுதான் போடுவோம்.

அவர் கேட்பது மூன்று. பம்பை மாற்றத்தான் வேண்டுமா? பேட்டரி விஷயத்தில் என்னை ஏமாற்றிவிட்டார்களா? அடுத்த வாரம் குழந்தைகளோடு 400 கிலோமீட்டர் போக வேண்டும், இந்தக் காரில் போகலாமா?

சகோதரி,

பயணக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கும். அந்த ஏற்றத்தில் திணறிய காரணம் தெரியும் வரை இந்தக் காரில் நெடுந்தூரம் போக வேண்டாம். காலையில் ஐந்து நொடி தாமதமாக ஸ்டார்ட் ஆவது தொந்தரவு, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் வரத்து குறைவது ஆபத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பம்பைப் பற்றி: ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அதை அளந்து சொல்லவில்லை. அளக்க ஒரு பிரஷர் கேஜும் ஒரு மல்டிமீட்டரும் போதும். அந்த அளவுகள் கையில் இல்லாமல் அசெம்பிளிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சுற்றுவது வேறு, பிடிப்பது வேறு

“ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது” என்று மட்டும் சொன்னால் பெரும்பாலான மெக்கானிக்குகளின் கை முதலில் பேட்டரிக்குத்தான் போகும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. செல்ஃப் மோட்டாரே மந்தமாக, திக்கித் திக்கிச் சுற்றினால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் என்று அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். செல்ஃப் வழக்கமான வேகத்தில் விறுவிறுவென்று சுற்றி, இன்ஜின் மட்டும் பிடிக்கத் தாமதித்தால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் என்று இந்தப் பக்கம் வர வேண்டும்.

உங்கள் கார் இரண்டாவது வகை. “செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது” என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பழைய பேட்டரியிலும் அப்படித்தான் சுற்றியது என்றும் சொல்கிறீர்கள். ஆகவே பேட்டரி இதற்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் ஓடிய பேட்டரி எப்படியும் தன் காலத்தை முடித்திருக்கும், நீங்கள் போட்ட பணம் முழுக்க வீணில்லை. ஆனால் மாற்றும் முன் அளந்து காட்டியிருக்க வேண்டும். முழு சார்ஜில் நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். இரண்டு நிமிட வேலை.

பேட்டரி மாற்றியதில் இன்னொரு விளைவு உண்டு, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பேட்டரியைக் கழற்றும்போது பல கார்களில் கம்ப்யூட்டரின் நினைவில் இருந்த பிழைக் கோடுகளும், பெட்ரோல் கலவையைப் பற்றி அது நாள்பட்டுக் கற்று வைத்த திருத்தங்களும் அழிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டியபோது கோடு வராததில் வியப்பில்லை. “கோடு இல்லை” என்பதைக் குறை இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது போக, பழைய அமைப்பு கொண்ட பல பெட்ரோல் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. சென்சார் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டருக்கு அழுத்தம் குறைந்தது நேரடியாகத் தெரியாது. டேஷ்போர்டில் விளக்கும் எரியாது.

இரவில் என்ன நடக்கிறது

உங்கள் காரில் பம்ப் பெட்ரோல் டேங்குக்கு உள்ளே, பெட்ரோலில் மூழ்கியபடி இருக்கிறது. அங்கிருந்து லைன் வழியாக இன்ஜின் மேல் இருக்கும் ரெயில் என்ற குழாய்க்குப் பெட்ரோல் போகிறது. ரெயிலிலிருந்து இன்ஜெக்டர்கள் அதைத் தூவுகின்றன. தூவல் மெல்லிய புகைபோல் விழ வேண்டுமென்றால் ரெயிலில் அழுத்தம் வேண்டும். சாதாரண இன்ஜெக்டர் அமைப்புள்ள கார்களில் இது பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சிலிண்டருக்குள் நேராகத் தூவும் புதிய வகையில் டேங்க் பம்புக்கு மேல் இன்ஜினே ஓட்டும் இன்னொரு உயர் அழுத்தப் பம்ப் உண்டு, அதன் கணக்கு வேறு. உங்கள் கார் எது என்று எழுதவில்லை, ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜினை நிறுத்தியதும் அந்த அழுத்தம் உடனே போய்விடக் கூடாது. பம்பின் வாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது, செக் வால்வு என்பார்கள். கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு எப்படியோ அப்படி: அது தேய்ந்தால் மோட்டார் நன்றாக ஓடினாலும் குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கிவிடும், மறுநாள் மேலே ஏற நேரம் பிடிக்கும். காரிலும் அதேதான். செக் வால்வு இறுக மூடாவிட்டால் லைனில் நிற்க வேண்டிய அழுத்தம் இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் காலி அழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் இன்ஜின் பிடிக்கத் தாமதமாகிறது. பத்து நிமிட நிறுத்தத்தில் அழுத்தம் முழுதாக இறங்குவதில்லை, அதனால் பகலில் உடனே பிடிக்கிறது.

வெயிலில் அரை மணி நேரம் நின்ற பிறகு வரும் தாமதமும் இதோடு பொருந்துகிறது. நிறுத்திய இன்ஜினின் சூடு மேலே ஏறி ரெயிலில் நிற்கும் பெட்ரோலைச் சுட வைக்கும். பெட்ரோலில் இருக்கும் இலேசான பகுதிகள் சாதாரணக் காற்றழுத்தத்தில் 35 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். 3 பார் அழுத்தம் இருந்தால் அவை திரவமாகவே அடங்கி இருக்கும். அழுத்தம் இறங்கிவிட்டால் ஆவியாகும். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜெக்டர் ஆவியையும் பெட்ரோலையும் கலந்து துப்புகிறது, இன்ஜின் திணறிப் பிடிக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டாலும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். பிரித்தறிய எளிய வழி உண்டு. அடுத்த முறை வெயிலில் தாமதமானால் சாவியை ஆன்-ஆஃப் செய்யும் முறையை அப்போதும் முயன்று பாருங்கள். உடனே பிடித்தால் பெட்ரோல் அழுத்தம்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால், செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் இன்ஜின் வேகம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யம் காட்டினால் சென்சாரைப் பார்க்க வேண்டும்.

சாவியை இரண்டு முறை திருப்புவது எதைச் சொல்கிறது

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வழி சரியான வழி. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் கம்ப்யூட்டர் பம்பை இரண்டு நொடி அளவுக்கு ஓட்டி நிறுத்துகிறது. நீங்கள் கேட்கும் அந்த மெல்லிய ரீங்காரம் அதுதான். செல்ஃப் சுற்றத் தொடங்கினால்தான் தொடர்ந்து ஓட்டும். ஆக, இரண்டு மூன்று முறை ஆன்-ஆஃப் செய்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு நொடிக்கான அழுத்தம் ஏறி, செல்ஃப் சுற்றும் முன்பே ரெயில் தயாராகிவிடுகிறது.

ஆனால் அதை வைத்தே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த வழி வேலை செய்வதால் தெரிவது ஒன்றுதான்: ரெயிலில் அழுத்தம் தாமதமாக ஏறுகிறது. ஏன் தாமதம் என்பதற்கு மூன்று பேர் மேல் சந்தேகம் வரலாம். ஒன்று, பம்பின் செக் வால்வு அல்லது அதோடு டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கசிவது. இரண்டு, ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுவது. அழுத்தம் டேங்குக்குத் திரும்பாமல் இன்ஜினுக்குள் வடிகிறது. மூன்று, பம்பும் வால்வும் நன்றாக இருந்து, பம்புக்குப் போகும் மின்சாரம் குறைவது. பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனை கருகியிருக்கும், டேங்கின் மேலிருக்கும் கனெக்டர் உருகியிருக்கும், எர்த் துருப்பிடித்திருக்கும். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 வந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் மெதுவாக ஏறும். இந்த மூன்றாவதைப் பார்க்காமல் பம்பை மாற்றினால், கருகிய அதே கனெக்டரில் புதுப் பம்பை மாட்டுவார்கள். சில மாதத்தில் மறுபடி அதே கதை.

இன்ஜெக்டர் சொட்டினால் வேறு அறிகுறிகள் கூடவே வரும். பிடித்த முதல் சில நொடி இன்ஜின் உதறும், சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இருக்கும். நீங்கள் “பிடித்தபின் ஒரு குறையும் இல்லை” என்று எழுதியிருப்பதால் சந்தேகத்தில் இதை நான் கடைசி இடத்தில் வைக்கிறேன். நாளைக் காலையில் யாரையாவது பின்னால் நிறுத்தி, புகை வருகிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கடைசி வரியில் எழுதியதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்

ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறியதை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது அதுதான். செக் வால்வு மட்டும் கசிந்தால் ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் வரை இழப்பை அதுவே ஈடுகட்டிவிடும். பாரம் ஏற்றி ஏற்றத்தில் போகும்போது இன்ஜின் கேட்கும் பெட்ரோல் பல மடங்கு. அந்த நேரத்தில் திணறியது என்றால் வரத்தே போதவில்லை என்ற சந்தேகம் எழுகிறது. பம்ப் தேய்ந்திருக்கலாம், பம்பின் அடியிலுள்ள சல்லடையோ ஃபில்டரோ அடைத்திருக்கலாம், மேலே சொன்ன மின்சாரக் குறைவாகவும் இருக்கலாம். ஸ்பார்க் பிளக், காயில் பழுதிலும் பாரத்தில் மிஸ்ஸிங் அடிக்கும், அதையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் காலை அறிகுறியும் ஏற்றத்து அறிகுறியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று வைத்தால், தேய்ந்த பம்ப் அல்லது பம்புக்கான மின்சாரம் என்ற இரண்டுமே இரண்டையும் விளக்கிவிடுகின்றன.

பயணம் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். ஓடும்போது பெட்ரோல் நின்று இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடக்கூடும். பிரேக்கில் ஓரிரு அழுத்தலுக்கு மட்டும் உதவி மிச்சமிருக்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பின்னால் லாரி வரும் சாலையில், குழந்தைகள் உள்ளே இருக்க, அந்த நிலை வரவே கூடாது. ஊருக்குள் போகும்போது அப்படி நேர்ந்தால் பதறாமல் ஹஸார்டு விளக்கைப் போடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

வீட்டில் சொன்னவை

கணவர் கேட்டது நியாயமான கேள்வி. சத்தம் கேட்டால் மோட்டார் சுற்றுகிறது, பம்புக்கு மின்சாரம் போகிறது என்பது நிச்சயம். எவ்வளவு அழுத்தம் தருகிறது, எவ்வளவு பெட்ரோல் தள்ளுகிறது என்பது சத்தத்தில் தெரியாது. தேய்ந்த பம்பும் ரீங்கரிக்கும். வழக்கமான மெல்லிய சத்தம் கீச்சென்றோ உறுமலாகவோ மாறியிருந்தால் மட்டும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமனார் சொல்வது கார்புரேட்டர் காலத்தில் சரியாக இருந்தது. அப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சின்னப் பம்ப் நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்டர் காரில் இன்ஜின் ஓடாதபோது மிதித்தால் பெட்ரோல் போகாது. செல்ஃப் சுற்றும்போது அடிவரை மிதித்துப் பிடித்தால் பல கார்களில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை நிறுத்தியே விடும். ஓவர்ஃப்ளோ ஆன இன்ஜினைக் காய வைக்க வைத்த ஏற்பாடு அது. அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், காலை மட்டும் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ரிசர்வ் விளக்கு எரியும் வரை ஓட்டும் பழக்கத்தைப் பற்றி எழுதும்போது, அடியில் தங்கும் அழுக்கை இழுத்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் தேவையில்லை. டேங்க் நிறைந்திருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் இழுக்கிறது. உண்மையான கெடுதல் சூடு. பம்ப் மோட்டாரைச் சுற்றியும் அதன் ஊடாகவும் போகும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைத்து உராய்வையும் குறைக்கிறது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் சூட்டைத் தாங்க ஆளில்லை. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாமல் இனி நிரப்பிக்கொள்ளுங்கள். இது கெட்ட பம்பைத் திருத்தாது, அடுத்ததின் ஆயுளைக் காக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்

பிரஷர் கேஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். சிலர் ரெயிலில் உள்ள வால்வில் குச்சியை அழுத்தி, பெட்ரோல் பீறிட்டு வந்தால் பிரஷர் இருக்கிறது என்பார்கள். அதில் அளவு எதுவும் தெரியாது, தீ விபத்துக்குத்தான் வழி.

காரை முந்தின மாலையே விட்டுவிடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் முதல் முறை சாவி போடும்போது எடுக்கும் அளவுதான் உங்கள் வழக்குக்கு முக்கியம். சூடான இன்ஜினோடு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் குறை ஒளிந்துகொள்ளும். காலையில் கேஜ் எங்கே நிற்கிறது, சாவி போட்ட இரண்டு நொடியில் எங்கே ஏறுகிறது, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) எவ்வளவு, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது விழுகிறதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே கார் நிறுவனத்தின் சர்வீஸ் கையேடு இந்தக் காருக்கு எவ்வளவு என்று சொல்கிறது என்பதையும் அருகில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேஜைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல காரில் முள் சிறிது இறங்கி நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும். கண்ணெதிரே சரிந்தால், டேங்கிலிருந்து வரும் வழியைக் கேஜோடு சேர்ந்த அடைப்பு வால்வால் மூடிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மூடியதும் முள் நின்றுவிட்டால் கசிவு டேங்க் பக்கம்: செக் வால்வு, ரெகுலேட்டர், உள்ளிருக்கும் சீல். மூடிய பிறகும் சரிந்தால் இன்ஜெக்டர். பிளாஸ்டிக் லைனைக் கிளாம்ப் போட்டு நெரிக்க மட்டும் விடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

கடைசியாக மின்சாரம். பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் வோல்ட்டேஜ் எவ்வளவு? பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயரிங்கை முதலில் பார்க்க வேண்டும். சில புதிய கார்களில் பம்பின் வேகத்தைத் தனி மாட்யூல் ஏற்றி இறக்கும், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது, கையேடுதான் வழி. ஏற்றத்துத் திணறலுக்காக, இன்னும் நூறு இருநூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிய பிறகு ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற திருத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தொடர்ந்து +10 சதவீதத்துக்கு மேல் நின்றால், பெட்ரோல் போதாமல் கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொடுத்துச் சமாளிக்கிறது என்று பொருள் கொள்ளலாம். இன்ஜினில் எங்காவது காற்று கசிந்து உள்ளே போனாலும் ட்ரிம் ஏறும், அதையும் பார்த்துவிடட்டும்.

நீங்கள் தொடக் கூடாதவை

பின்சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து பார்ப்பதாகக் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கனெக்டர் கருகியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். லைனைக் கழற்ற வேண்டாம். நிறுத்திய இன்ஜினிலும் லைனில் அழுத்தம் இருக்கக்கூடும். கழற்றினால் கண்ணில் அடிக்கும். பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் பொறியைக்கூடத் தேடிப் போகும்.

செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் சுற்றாதீர்கள். பிடிக்காவிட்டால் அரை நிமிடமாவது விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் குறைக்காகப் போன கார் செல்ஃப் மோட்டார் குறையோடு திரும்பி வரும். ஸ்டார்ட் ஆகாத காருக்கென்று விற்கும் ஸ்பிரேயை அடிக்க யாரையும் விடாதீர்கள். டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்துகள் இன்ஜெக்டர் படிவுக்கு ஓரளவு உதவலாம். தேய்ந்த வால்வுக்கும் கருகிய ஒயருக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது.

மாற்றத்தான் வேண்டும் என்று அளவு சொன்னால்

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்தப் பம்புக்காகக் கார் நிறுவனம் திரும்ப அழைப்பு ஏதும் அறிவித்திருக்கிறதா என்று அதன் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். 2020 முதல் டென்சோ தயாரித்த ஒருவகைப் பம்புக்காக டொயோட்டா, ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் உலகெங்கும் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. அந்தப் பம்புகளின் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, உறையில் உரசி நின்றுபோகும் குறை அது. உங்கள் கார் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஏழு வருடக் கார் என்பதால் கேட்டுவிடுவது நல்லது. பட்டியலில் இருந்தால் மாற்றித் தருவது கார் நிறுவனத்தின் பொறுப்பு. உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. உங்களுக்கு முன் வேறு யாரிடமாவது இருந்த காராக இருந்தால் அந்த அறிவிப்பு உங்கள் கைக்கு வந்தே இருக்காது.

பட்டியலில் இல்லையென்றால், பம்ப் மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்குமா, அசெம்பிளியாகத்தான் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மோட்டார் மட்டும் மாற்றினால் செலவு குறையும். ஆனால் கசிவது ரெகுலேட்டரோ உள் சீலோ என்றால் அதே அறிகுறி தொடரும். அதனால்தான் அளவு முதலில் என்கிறேன். டேங்கின் மேல் பம்பை மூடும் மூடியின் ரப்பர் சீலையும் சல்லடையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய சீலை மறுபடி மாட்டினால் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கும். போலிப் பம்புகள் அச்சு அசலாக வருகின்றன, ஆகவே பெட்டியைப் பிரிக்கும் முன் பார்ட் எண்ணைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பம்பைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனித் தொகையும், பொருளுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் இருக்கட்டும். வேலை தொடங்கும் முன்பே, “இதைப் போட்டும் காலையில் தாமதம் ஆனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். அளந்து முடிவெடுத்தவர் தயங்காமல் எழுதித் தருவார்.

வேலை முடிந்து கார் கைக்கு வந்த அன்று ஸ்டார்ட் ஆகிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். அன்று எப்படியும் ஆகும். ஒரு இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஆன்-ஆஃப் எதுவும் செய்யாமல், கால் பெடலில் படாமல், ஒரே திருப்பலில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓரிரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். அதே வாரத்தில் பழைய ஏற்றத்தில் பழைய பாரத்தோடு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இரண்டிலும் தேறிய பிறகு குழந்தைகளோடு நெடும்பயணம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரத்துப் பயணத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.